சாதாரண தரக் கணிதம்: வன்னியின் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று தன் பெறுபேற்றை உயர்த்துவது எப்படி?

பதினொராம் தரத்தோடு எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்து கொஞ்ச நாளில் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் வைப்பார்கள். திரையில் பள்ளிக்கூடங்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கும், பக்கத்தில் கணிதச் சித்தி வீதம். எங்கள் பெயர் பல வருடம் கடைசி நாலைந்துக்குள்தான் கிடந்தது. அதிபர் எழும்பி நிற்பார், கணிதம் படிப்பிப்பவன் என்று நானும் எழும்பி நிற்பேன். "அடுத்த முறை கட்டாயம் கூட்டுவோம், சேர்" என்று சொல்லிவிட்டு வந்து அடுத்த திங்கட்கிழமையே மேலதிக வகுப்பைத் தொடங்குவோம். எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாது என்று பார்க்காமலேயே தொடங்குவோம். வகுப்பு ஓடும், பிள்ளைகள் களைப்பார்கள், வீதம் அங்கேயே நிற்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் காட்டோரத்திலும் குளத்தடியிலும் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர், அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெற்றோர் யாரும் பின்பற்றலாம். கணிதத்தை மட்டும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. உயர்தரம் போக ஆறு பாடத்தில் சித்தி வேண்டும், அதில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும், தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் அந்த ஆறுக்குள் வர வேண்டும். வரலாறும் தமிழும் நன்றாகச் செய்கிற பிள்ளை கணிதத்தில் 'டபிள்யூ' (சித்தியில்லை) வாங்கியதால் வீட்டில் நிற்பதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் கண்டிருப்போம்.

1. வீதத்தை ஒரு பக்கம் வையுங்கள், இடாப்பை எடுங்கள்

14 பேர் எழுதுகிற பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை 7 வீதம். போன வருடம் 7 பேர் சித்தி என்றால் 50 வீதம். இந்த வருடம் 5 பேர் என்றால் 36. கூட்டத்தில் அது "14 வீத வீழ்ச்சி" என்று வரும். விழுந்தது இரண்டு பிள்ளைகள். ஒருத்திக்குப் பரீட்சைக் கிழமையில் காய்ச்சல், இன்னொருவன் தகப்பனோடு வயலில் நின்றான் என்பதாகக்கூட இருக்கலாம். 200 பேர் எழுதுகிற நகரப் பள்ளிக்கூடத்தில் அதே இரண்டு பேர் ஒரு வீதம்தான். ஆகவே ஒரு வருட வீதத்தைப் பார்த்துச் சந்தோசப்படவும் வேண்டாம், தலையில் கை வைக்கவும் வேண்டாம். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். 14, 12, 16 பேர் எழுதி 7, 5, 7 பேர் சித்தி என்றால் 42 பேரில் 19. ஏறக்குறைய 45 வீதம். உங்கள் பள்ளிக்கூடம் நிற்கிற இடம் அதுதான்.

பிறகு ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆறாம் தர இடாப்பை அலுமாரியிலிருந்து எடுங்கள். 22 பெயர் இருந்தது, பரீட்சைக்குத் தோற்றியது 14 என்று வைத்துக்கொள்வோம். மற்ற 8 பேர் எங்கே? சிலர் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ மாறிப் போயிருப்பார்கள், அது வேறு கதை. மிச்சப் பேர் மேசன் வேலைக்கும் கடலுக்கும் கூலிக்கும் போனவர்கள். 14 பேரில் 7 என்றால் 50 வீதம், 22 பேரில் 7 என்றால் 32.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். "இந்த முறை வேண்டாம் தம்பி, அடுத்த முறை எழுது" என்று கடைசி வாங்குப் பிள்ளைகளை மெல்ல ஒதுக்கினால் வீதம் தானாகக் கூடும். அப்படிச் செய்து மேடையில் பாராட்டு வாங்கிய இடமும் உண்டு. அதைச் செய்வதாக இருந்தால் இந்த வழிகாட்டியை மேலே வாசிக்கத் தேவையில்லை.

2. அந்த 70 புள்ளி எங்கே இருக்கிறது?

பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், தாளின் அமைப்பையே சரியாகச் சொல்லமாட்டார்கள். பெற்றோருக்கும் தெரியாது. முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம். அதில் 'அ' பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. 'ஆ' பகுதியில் 5 வினாக்கள், ஒன்றுக்கு 10. மொத்தம் 100. இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம். இரண்டு பகுதியிலும் ஆறாறு வினாக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து தெரிவு செய்து எழுதவேண்டும், ஒன்றுக்கு 10. அதுவும் 100. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பிள்ளையின் புள்ளி. 'எஸ்' சித்திக்கு 35 போதும், அதாவது 200இல் 70.

கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டுங்கள்: 25 சிறு வினாவில் 13 சரி என்றால் 26. 'ஆ' பகுதியில் ஒவ்வொரு வினாவிலும் முதல் ஒன்றிரண்டு பிரிவைச் செய்து 4 படி எடுத்தால் 20. இரண்டாம் தாளில் மீடிறன் பரம்பலின் இடை (சராசரி) காண்பதில் 7, வரைபில் 7, தொடையில் ('செற்') 5, கவராயத்தால் கீறுகிற அமைப்பில் 5 என்றால் 24. கூட்டினால் 70. நிறுவல் ஒன்றைத் தொடவே இல்லை, மடக்கையைப் பிரட்டவே இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் கனபேர் இந்தக் கணக்கைப் பார்த்த அன்றுதான் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மலை என்று நினைத்தது மேடாகத் தெரிந்தது. (பதற்றத்தில் சிந்துவதற்கும் சேர்த்து 85க்குக் குறிவையுங்கள்.)

இரண்டாம் தாளில் புள்ளி படிப்படியாகக் கிடைக்கும். இடை காணும் வினாவில் நடுப்பெறுமான நிரல் சரி என்றால் அதற்குப் புள்ளி, பெருக்கிய நிரலுக்குப் புள்ளி, கூட்டுத்தொகைக்குப் புள்ளி. கடைசி வகுத்தலில் பிழைத்தாலும் முன்னையதை யாரும் பறிக்கமாட்டார்கள். "விடை வரவில்லை, வெட்டிவிட்டேன் சேர்" என்று சொல்கிற பிள்ளை வெட்டியது விடையோடு சேர்த்து ஐந்து புள்ளியையும்தான்.

3. வினாவாரிப் பட்டியல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும். மேலதிக வகுப்பைத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்து முடியுங்கள்.

தவணைப் பரீட்சைத் தாளைத் திருத்தியதும் மொத்தப் புள்ளியை மட்டும் பதிந்துவிட்டுக் கட்டிவைக்காதீர்கள். பெரிய சதுரக்கோட்டுத் தாள் ஒன்றில் இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே வினா இலக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் முழுக்கச் சரி என்றால் 2, பாதி என்றால் 1, பிழை என்றால் 0, எழுதவே இல்லை என்றால் ஒரு கோடு. கணினி இருந்தால் எக்செலில் போடலாம், ஆனால் தாளில் போட்டுச் சுவரில் ஒட்டினால் எல்லாருடைய கண்ணும் படும். சுவரில் ஒட்டுவதில் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள், ஒரு பிள்ளையும் கூனிக் குறுகக்கூடாது. 15 பேருக்கு ஒரு பின்னேரம் போதும்.

பூச்சியத்தையும் கோட்டையும் கட்டாயம் பிரித்துப் போடவேண்டும். பூச்சியம் விழுந்த பிள்ளை முயற்சித்துப் பிழைவிட்டவர். கோடு விழுந்த பிள்ளை வினாவுக்குள் கால் வைக்கவே இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

இனி மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒரு வினா நிரல் முழுவதும் பூச்சியமும் கோடுமாக இருந்தால் அந்தப் பாடத்தை நாங்கள் படிப்பிக்கவில்லை, அல்லது படிப்பித்தது சேரவில்லை. அதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கே இரண்டு வருடம் எடுத்தது. எங்கள் பட்டியலில் அப்படிக் கிடந்தது ஆரைச்சிறையின் (வட்டத்தில் இரண்டு ஆரைக்கு இடைப்பட்ட பகுதியின்) சுற்றளவு. தேடிப் பார்த்தால், அந்த அலகு நடந்த தவணையில் மழை வெள்ளத்தால் பல நாள் பள்ளிக்கூடம் இல்லை.

பிறகு இடமிருந்து வலமாக வாசியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பின்னம் வருகிற இடமெல்லாம் பூச்சியம், நிகழ்தகவிலும் பூச்சியம், சதவீதத்திலும் பூச்சியம் என்றால் அது மூன்று நோயில்லை, பின்னம் என்ற ஒரே நோய்.

4. பிள்ளையோடு பத்து நிமிடம்

எங்கே பிழை என்று பட்டியல் காட்டும். ஏன் பிழை என்பதைப் பிள்ளையின் வாயால்தான் கேட்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, தாளை முன்னால் வைத்து, "இதை எப்படிச் செய்தாய், எனக்கொருக்கால் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். திருத்தப் போகாதீர்கள், வாயைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

நான் கேட்டதில் அடிக்கடி வந்தவை மூன்று.

முதலாவது, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. மேலே மேல், கீழே கீழ். "அரை றாத்தல் பாண் இருக்கிறது. அதோடு இன்னொரு துண்டு வைத்தால் பாண் கூடுமா குறையுமா?" என்று கேட்டேன். "கூடும்." "ஐந்தில் இரண்டு அரையை விடக் கூடவா?" அந்தப் பெடியன் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துவிட்டுச் சிரித்தான். 2020, 2021இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது நாலாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் இப்போது மேல் வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள். போன் சிக்னல் எடுக்க மரத்தடிக்கும் குளக்கட்டுக்கும் போன காலம். அந்த நேரத்தில் பின்னம் யார் காதில் விழுந்தது?

இரண்டாவது, சய (கழித்தல் குறி) மூன்று சய ஐந்து, சக (கூட்டல் குறி) எட்டு. "சயவும் சயவும் சக" என்று பெருக்கலுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்பாட்டைப் பிள்ளை கூட்டலுக்கும் கொண்டுபோகிறது. "முதலாளியிடம் 300 ரூபா கடன், பிறகு இன்னும் 500 ரூபாவுக்குச் சாமான் கடனாக வாங்கினாய். கடன் தீர்ந்து கையில் காசு வந்துவிட்டதா?" என்று கேட்டால் போதும். கடைக் கொப்பி எல்லாருடைய வீட்டிலும் இருக்கிறது.

மூன்றாவதுதான் நான் எதிர்பாராதது. வினாவை நானே சத்தமாக வாசித்துக் காட்டினால் ஒரு பிள்ளை செய்கிறாள், தனியே விட்டால் செய்யவில்லை. அவளுக்குக் கணக்கு ஓடுகிறது, தமிழ் வாசிப்பு ஓடவில்லை. இன்னொருவன் வீடு வளவுக்குக் கட்டுகிற சோலைவரிக் கணக்கில் வருட வரியைச் சரியாகக் கண்டுவிட்டு, காலாண்டு வரிக்கு மூன்றால் வகுத்திருந்தான். காலாண்டு என்றால் மூன்று மாதம் என்று தெரியும், அதனால் மூன்று! வருடத்துக்கு நான்கு காலாண்டு என்பது அவன் வாழ்க்கையில் எங்கும் வரவில்லை. பங்கு, பங்கிலாபம், சுங்கவரி எல்லாம் இப்படித்தான். இவற்றுக்குத் தமிழ் ஆசிரியரின் உதவியைக் கேளுங்கள். கணித வினாக்களில் வருகிற ஐம்பது சொற்களைத் தெரிந்தெடுத்துச் சுவரில் எழுதி, கிழமைக்கு ஐந்து என்று வாசிக்கவும் விளங்கப்படுத்தவும் விடுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு முழுவதையும் விட இதுதான் கூட வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

தாய் தகப்பனையும் இந்தப் பத்து நிமிடத்துக்குள் கூப்பிடலாம். "இவனுக்குக் கணக்கு ஓடாது சேர், எங்கட பரம்பரைக்கே ஓடாது" என்று ஒரு அம்மா சொன்னார். அவர் கச்சான் மூட்டையைக் கிலோ விலை பேசி, கழிவு கழித்து, மனதாலே காசு சொல்கிறவர். "அம்மா, நீங்கள் செய்கிறது என்ன?" என்று கேட்டேன். "அது வியாபாரம் சேர்" என்றார்.

5. யாருக்கு எவ்வளவு நேரம்

தவணைப் புள்ளியை வைத்து வகுப்பைப் பிரியுங்கள். 20க்கும் 34க்கும் இடையில் நிற்கிறவர்கள்தான் பெரும்பாலும் ஒரு தவணை முயற்சியில் கரையேறுகிறவர்கள். அவர்களுக்கு முதலாம் தாளும், இரண்டாம் தாளில் நான்கு வினாக்களும். பரந்து படிப்பிக்க வேண்டாம். 35க்கும் 45க்கும் இடையில் இருப்பவர்களை "இவர்கள் பாஸ்" என்று விட்டுவிடாதீர்கள், பரீட்சை மண்டபத்தில் ஐந்து புள்ளி சறுக்குவது பெரிய விசயமில்லை.

20க்குக் கீழே உள்ளவர்களை என்ன செய்வது? வீதத்தை மட்டும் பார்க்கிறவர் அவர்களைக் கைவிடுவார். எங்கள் முறை: அவர்களுக்குப் பதினொராம் தரப் புத்தகத்தை மூடிவிட்டு ஆறாம் ஏழாம் தரப் புத்தகத்தைத் திறந்தோம். பின்னம், தசமம், திசைகொண்ட எண்கள், எளிய சமன்பாடு, சுற்றளவு, அவ்வளவுதான். வெட்கப்படாமல் இருக்க, கொப்பியின் மட்டையில் தரம் எழுதுவதில்லை. எல்லாரும் சித்தியடையவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் தாளை வெறுமையாகக் கொடுக்கிற பழக்கம் நின்றது.

50க்கு மேலே எடுக்கிறவர்களுக்கு நிறுவலையும் கேத்திரகணிதத்தையும் கொடுத்து, கிழமையில் ஒரு நாள் கீழே இருக்கிற ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க விடுங்கள்.

6. பின்னேர வகுப்பு: யானை, பஸ், சோறு

கொழும்பிலிருந்து வருகிற ஆலோசனைகளில் இந்தப் பகுதி இருக்காது.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். இரண்டு மணிக்கு வகுப்புத் தொடங்கினால் மூன்றரைக்கு முடியுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுது சாயும்போது யானை ரோட்டுக்கு இறங்கும். ஐந்தரை மணிக்குச் சைக்கிளில் ஒரு பிள்ளையைக் காட்டுப் பாதையால் அனுப்பிவிட்டு வீட்டில் ஆசிரியர் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே பக்கம் போகிற பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். கடைசி இ.போ.ச பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் நேரசூசி போடவேண்டும்.

காலை ஏழு மணிக்கு வீட்டை விட்ட பிள்ளை பின்னேரம் வரை வெறும் வயிற்றோடு சதவீதம் படிக்காது. பாடசாலை உணவு பெரும்பாலும் சின்ன வகுப்புகளோடு நின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் "என்ன வேண்டும்?" என்று கேட்டால், வாசல் வளைவு, திறன்பலகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிழமைக்கு மூன்று நாள் சோறும் பருப்பும், தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் காசும் கேளுங்கள். அதற்குப் பெயர்க்கல் வைக்க முடியாது, அதனால் கொஞ்சம் தயங்குவார்கள். கணக்கை மாதாமாதம் படத்தோடு அனுப்பினால் தருவார்கள்.

நெல் வெட்டு, கச்சான் பிடுங்கல், வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா நாட்களில் வகுப்பு வைத்தால் பாதி வாங்கு காலியாக இருக்கும். காலபோக வெட்டு தை மாசியில் வருகிறது. சரி, அந்தக் கிழமைகளைத் திட்டத்திலேயே விட்டுவிடுங்கள், அல்லது புதிய பாடம் தொடங்காதீர்கள்.

ஆசிரியர் பிரச்சினையையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்து போகிறவரைப் பின்னேரம் மறித்துவைத்தால் அவர் ஒரு தவணையில் இடமாற்றம் எழுதுவார். அவருக்குக் காலையில் முதல் இரண்டு பாடவேளையைக் கணிதமாகக் கொடுங்கள், பின்னேரத்தை ஊரில் இருக்கிற உயர்தரம் முடித்த பிள்ளைகளிடமோ ஓய்வுபெற்றவர்களிடமோ விடுங்கள். பட்டியல் தெளிவாக இருந்தால் யாரும் நடத்தலாம். ஆசிரியர் மாறிப் போகும்போது பட்டியலும் அவருடைய பையோடு போகக்கூடாது, அதிபரின் அலுமாரியில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கவேண்டும்.

7. கடந்தகால வினாத்தாள்களை எப்போது எடுப்பது?

பிந்தி எடுங்கள். பதினொராம் தரத்தின் முதல் நாளே மாதிரி வினாத்தாளை நீட்டினால், தெரியாத பிள்ளை தனக்குத் தெரியாது என்பதை வருடம் முழுக்க ஒவ்வொரு கிழமையும் படித்துக்கொண்டிருக்கும். ரியூசன் கொட்டிலில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான்: சேர் வேகமாகச் செய்து காட்டுவார், பிள்ளைகள் வேகமாகப் பார்த்து எழுதுவார்கள்.

முதலில் ஒரே வகை வினாவை மட்டும் ஐந்து வருடத் தாளிலிருந்து வெட்டி ஒட்டுங்கள். இடை காணும் வினா ஐந்து, வரைபு ஐந்து. அடுத்தடுத்துச் செய்யும்போது "இது அதேதான் சேர்" என்று பிள்ளையே சொல்லும். பிறகுதான் முழுத் தாள், நேரம் வைத்து. பழைய தாள்களும் பாடங்களும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் கிடைக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற மதிப்பீட்டு அறிக்கைகளைக் கனபேர் தொடுவதில்லை. எந்த வினாவில் நாடு முழுவதும் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள், எங்கே பிழைத்தார்கள், புள்ளி எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் சுவர்ப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடே பிழைத்த வினாவில் எங்கள் பிள்ளைகளும் பிழைத்தால் அதை விடலாம், நாடு செய்த வினாவில் நாங்கள் மட்டும் பிழைத்திருந்தால் அங்கேதான் வேலை.

8. கடைசி மாதம்

புதிய பாடம் வேண்டாம். கவராயத்தின் ஆணியை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஆடுகிற கவராயத்தால் அமைப்பு வினாவில் வில் வெட்டாமல் புள்ளி போன பிள்ளைகள் உண்டு. அடிமட்டம், பாகைமானி, இரண்டு பேனை. கல்குலேற்றர் அனுமதி இல்லை, மடக்கை அட்டவணை மண்டபத்தில் தருவார்கள் என்பதையும் சொல்லுங்கள், ரியூசனில் போனைத் தட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். நிலையம் வேறு பள்ளிக்கூடம் என்றால் ஒரு நாள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாருங்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் மழைக்கு நனையாமல் பொலித்தீன் உறையில்.

தாளை எழுதுகிற ஒழுங்கையும் பழக்குங்கள். எங்கள் பிள்ளைகள் முதலாம் வினாவில் மாட்டினால் அரை மணித்தியாலம் அங்கேயே நிற்பார்கள். தெரிந்ததை முதல் எழுது, தெரியாததற்குப் புள்ளடி போட்டுவிட்டு நட, திரும்பி வா. இதை மூன்று ஒத்திகைத் தாளிலாவது செய்து பார்த்தால்தான் கை பழகும்.

9. பெறுபேறு வந்த பிறகு

ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளைக்குப் பதாகை கட்டுவீர்கள், கட்டுங்கள். அதே கிழமையில் 'டபிள்யூ' வாங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கும் போங்கள், ஏனென்றால் அந்தக் கிழமையில்தான் அவர்கள் வேலைக்குப் போக முடிவெடுக்கிறார்கள். தவணைப் பரீட்சையில் நன்றாகச் செய்தவர் எதிர்பாராமல் விழுந்திருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், முடிவு திகதியைத் தவறவிடாதீர்கள். மற்றவர்கள் கணிதத்தை மட்டும் திரும்ப எழுதலாம். அவர்களை உங்கள் பின்னேர வகுப்பிலேயே உட்கார விடுங்கள், சீருடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படிப்பு இனி வேண்டாம் என்று நிற்கிற பிள்ளைக்கு 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழில் பிரிவு இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தைக் கையோடு கொண்டுபோங்கள், "போய் விசாரி" என்று சொன்னால் போகமாட்டார்கள்.

பிறகு அடுத்த வருடத்துக்கான வேலையை ஆறாம் தரத்தில் தொடங்குங்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதல் மாதத்தில் இருபது நிமிடத் தாள் ஒன்று: ஐந்து கூட்டல் கழித்தல், ஐந்து பெருக்கல் வகுத்தல், ஐந்து பின்னம், வாசித்து விளங்கவேண்டிய கணக்கு இரண்டு. பெரிய சதுரக்கோட்டுத் தாள் இன்னொன்றை வாங்கிவைத்திருக்கிறீர்கள்தானே, பெயர்களை அதில் எழுதுங்கள்.